சங்கிலி போட்ட கதவும் என் தமிழ்க் குரலும்

ஸ்காபரோவில் ஒரு பிளாசாவின் கடைசி மூலையில், தண்ணீர்க் குழாய் வெடித்து எவரும் எடுக்காமல் கிடந்த கடையை எடுத்தவன் நான். றாக்கைகளை நானே அறுத்து, நானே ஆணி அடித்து, நாலாயிரம் வீடியோக் கசெற் அடுக்கினேன். ஒன்பது டெக்குகளை வயரால் தொடுத்து, ஒரு படம் ஓடி முடிகிற நேரத்துக்குள் எட்டுப் பிரதி எடுக்கிற ஏற்பாட்டைச் செய்தேன். அதற்கு எந்த எஞ்சினியரும் வரவில்லை. பனி முழங்காலளவு கிடந்த நாட்களிலும் என் கடை திறந்திருந்தது. இங்கிலீசு தெரியாதவன் கனடாவில் கடை நடத்துவதா என்று சிரித்தவர்கள், பிறகு அதே கடையில் புதுப்படத்துக்கு வரிசையில் நின்றார்கள். எல்லாம் ஐந்தாம் வகுப்புப் படிப்போடு செய்த காரியம். இவற்றைவிடப் பெரிய காரியமும் ஒன்று உண்டு. ரொறன்ரோவில் ஸ்பானியப் படத்துக்கு முதன்முதல் தமிழ்க் குரல் கொடுத்தவன் நான். வேறு யாராவது அதற்கு உரிமை கொண்டாடினால் என் முன்னால் வந்து சொல்லட்டும்.

குரல் எனக்குப் பிறவியிலேயே வாய்த்தது. யாழ்ப்பாணத்தில் தியேட்டர்க் காரின் மேல் ஒலிபெருக்கி கட்டி, நோட்டீஸ் எறிந்துகொண்டு, "இன்று மாலைக் காட்சி!" என்று தெருத்தெருவாய்ச் சொல்லிப் போனவன் நான். படம் எப்படியும் இருக்கட்டும், நான் சொன்னால் சனம் வரும். அந்தத் தொழிலில் ஒரு பாடம் படித்தேன். படத்தைப் பார்க்காமலே அதன் கதையை உருக்கமாகச் சொல்லலாம். அந்தப் பாடம்தான் பின்னாளில் என்னைக் கவிழ்க்கப் பார்த்தது.

ஸ்பானியப் படங்கள் என்னிடம் வந்த விதத்தைச் சொல்கிறேன். எனக்குப் பக்கத்துக் கடையில் ஸ்பானியக் கசெற் வாடகைக்கு விட்டவர் சிலி நாட்டு அம்மா ஒருவர். அவருக்குத் தமிழ் தெரியாது, எனக்கு ஸ்பானியம் தெரியாது, இங்கிலீசில் இருவருமே அரைகுறை. நாலு வருடம் கையாலும் கண்ணாலும் பேசி நல்ல அயலவர்களாக இருந்தோம். தொண்ணூறுகளின் நடுவில் அவர் கடையை மூடிக்கொண்டு மகளிடம் வன்கூவர் போனார். போகிற அன்று மூன்று பெட்டி கசெற்றை என் கவுண்டரில் வைத்தார். என்ன படங்கள் என்று புருவத்தால் கேட்டேன். நெஞ்சில் கையை வைத்துக் காட்டினார். பிறகு விரலை நெற்றியோரம் வைத்துச் சுழற்றினார். இருதயம், அடுத்தது விசர், பைத்தியம். எனக்கு முதல் சைகை மட்டும் ஏறியது.

அப்படங்களைப் போட்டுப் பார்த்த கிழமையை நான் எப்படிச் சொல்வேன்! பாட்டு இல்லை. அடிபிடி இல்லை. நகைச்சுவைக்கென்று ஒருவரும் இல்லை. ஒரு வீடு, ஒரு ஆள், ஒரு பெண், அவ்வளவுதான். ஆனால் எழும்ப முடியவில்லை. ஒன்றில், ஒரு விதவை வீட்டில் குடியிருக்க வந்தவனுக்குச் செத்த புருசனின் சேட்டுகளை ஒவ்வொன்றாகப் போட்டுவிடுகிறாள். அவன் பேசாமல் போட்டுக்கொள்கிறான், கடைசியில் செத்தவனைப் போலவே நடக்கத் தொடங்குகிறான். இன்னொன்றில், மருந்துக்கடைக்காரி ஒருத்தி தான் ஆசைப்பட்டவனின் மருந்துப் போத்தலில் சிட்டை ஒட்டும்போது ஒட்டுகிற பசையை நாக்கால் தொடுகிறாள். அவ்வளவுதான் காட்சி. என் உடம்பு சிலிர்த்தது! கமரா முகத்துக்குக் கிட்டப் போய் அப்படியே நிற்கும். நாங்கள் பாட்டு வைக்கிற இடத்தில் அவர்கள் ஒரு கதவை வைக்கிறார்கள், ஒரு கண்ணாடியை வைக்கிறார்கள், கட்டிலில் கிடக்கிற ஒற்றைக் கையுறையை வைக்கிறார்கள். ஒரு மனிதனுக்குள் ஆசை கறையான் மாதிரி ஏறுவதைக் கண்ணால் காட்டுகிற வித்தை அது.

எல்லாவற்றிலும் என்னைப் பிடித்தது பியானோக்காரன் படம். அதன் ஸ்பானியப் பெயர் என் வாயில் நுழையவில்லை, நாங்கள் பியானோக்காரன் என்றே சொன்னோம். கடலோரப் பட்டணம் ஒன்றில் பியானோவுக்குச் சுருதி சேர்க்கிற ஒருவன். தனியே வசிக்கிற பாட்டு ரீச்சர் ஒருத்தி அவனைக் கூப்பிடுகிறாள். அவன் வந்து, அவள் கொடுத்த தேத்தண்ணியைக் குடித்து, சுருதி சேர்க்கிறான், போகும்போது அவள் காணாமல் ஒரு தந்தியை மெல்ல இளக்கிவிடுகிறான். திரும்பவும் கூப்பிடத்தானே வேண்டும்! அடுத்த முறை இரண்டு தந்தி. பிறகு அவள் கூப்பிடாமலே வருகிறான், தெருவில் நிற்கிறான், அவள் இல்லாத நேரம் உள்ளே போய் அவள் கதிரையில் இருக்கிறான். கடைசியில் அவள் பியானோவை விற்றுவிட்டு ஊரை விட்டே போய்விடுகிறாள். வெறும் வீட்டில், பியானோவின் கால்கள் கம்பளத்தில் அழுத்தின குழிகளை அவன் முழந்தாளில் இருந்து தடவுகிறான். படம் முடிகிறது.

ஆறு தரம் பார்த்தேன். கீழே இங்கிலீசு எழுத்து ஓடும். முதல் சொல்லை நான் எழுத்துக் கூட்டி முடிக்க முன்னம் மூன்று வரி போய்விடும். போகட்டும், முகம் இருக்கிறதே என்று விட்டேன். முகம் பார்த்துக் கதை சொல்லாதவனா நான்!

ஒரு ஞாயிறு காலை, கடை திறக்க முன்னம், கலியாண வீடியோக்காரரிடம் இரவல் வாங்கிய மிக்சரை டெக்கில் பூட்டினேன். ஸ்பானியச் சத்தத்தைத் தணித்து, மைக்கைப் பிடித்து, படம் ஓட ஓடத் தமிழில் கதைத்தேன். ஆணுக்கு என் குரல், பெண்ணுக்கு மெல்லிய குரல். எங்கிருந்துதான் வந்ததோ அந்த வசனங்கள்! தெருவில் நிற்கிற அவனுக்கு நான் கொடுத்த வசனம் இது: "உம்முடைய வாய்தான் இல்லை என்கிறது. உம்முடைய மனம் எனக்குத் தெரியும். நீர் வரும்வரை நிற்பேன்." அவள் கதவைத் திறக்கிற இடத்தில், "ஐயோ, இந்தக் குளிரில் இன்னும் நிற்கிறீர்களா?" என்று நாணத்தோடு சொல்ல வைத்தேன். கடைசிக் காட்சியில், "அவள் ஒருநாள் வருவாள், பியானோவும் வரும்" என்று குரல் தழுதழுக்கச் சொல்லி முடித்தேன். சொல்லி முடித்தபோது நானே அழுதேன்.

பிரதிகள் அன்றைக்கே போயின. ஒரு மாதத்தில் பிளாசாவைச் சுற்றியிருந்த அப்பார்ட்மென்ட் கோபுரங்களில் அதைப் பார்க்காத மாடி இல்லை. பிக்கரிங்கிலிருந்து கார் பிடித்து வந்தார்கள். பிறம்ரனில் பார ஊர்தி ஓட்டுகிற ஒருவர் இரண்டு பிரதி கேட்டார், ஒன்று தனக்கு, ஒன்று தேய்ந்தால் போட. கையில் முறுக்குப் பையோடு திரிகிற ஒரு அன்ரி கவுண்டரில் சாய்ந்துகொண்டு சொன்னா:

"அண்ணை, உவன் பாவம். உப்பிடி ஒருத்தன் எனக்காக நிண்டிருந்தா நான் பின்னால நிக்கிற உந்த மனிசனுக்குக் கழுத்தை நீட்டியிருப்பனே?"

பின்னால் நின்ற அவருடைய புருசன், "நான் கார் பாக்கிங்கில அரை மணித்தியாலம் நிக்கிறன், அது கணக்கில்லையோ?" என்று கேட்டார். கடை சிரிப்பில் அதிர்ந்தது.

அப்படி நான் காற்றில் மிதந்துகொண்டிருந்த மாதத்தில்தான் அந்தப் பெண் வந்தாள். முப்பது வயதிருக்கும். பாண் சுடுகிற தொழிற்சாலையில் காலை வேலை. எங்கள் பிளாசாவுக்கு எதிர்க் கோபுரத்தில் தனியாக ஒரு அறை எடுத்து இருந்தாள். கசெற்றைக் கவுண்டரில் வைத்தாள், கையை எடுக்கவில்லை.

"அண்ணை, உங்களோட ஒரு கதை கதைக்கோணும்."

"ஓம் பிள்ளை, சொல்லும். படம் எப்பிடி?"

"உந்தப் படத்தில அவன் றோட்டில நிண்டு சொல்லுறது, உம்முடைய வாய்தான் இல்லை என்கிறது எண்டு. அது படத்தில உள்ளதோ, நீங்கள் சொன்னதோ?"

எனக்குப் பெருமை தாங்கவில்லை. "நான் சொன்னதுதான் பிள்ளை! என்ர சொந்த வசனம்!"

"அதை எனக்கு ஒருத்தர் தினம் சொல்லுறார்," என்றாள்.

ஆள் யாரென்று அவள் சொன்னபோது எனக்கு நம்ப முடியவில்லை. என் கடையின் நல்ல வாடிக்கையாளர். நாற்பது வயது, காதோரம் நரை, வாய் திறந்தால் அண்ணை, நன்றி. வெள்ளிக்கிழமை தவறாமல் வருவார். ஒரு கலியாண வீட்டில் இவளைக் கண்டு கேட்டிருக்கிறார். இவள் மரியாதையாக மறுத்திருக்கிறாள். அதோடு முடிந்திருக்க வேண்டியது. அவரோ வேலைநேரத்தை மாற்றிக்கொண்டு, காலை பஸ் தரிப்பில் கோப்பியோடு நிற்கிறார். அவள் வாங்காவிட்டால் அந்தக் கோப்பியைத் தானும் குடிக்காமல் கையில் வைத்துக்கொண்டு, அவளோடு பஸ் ஏறி, தொழிற்சாலை வாசல் வரை வந்து, திரும்பிப் போகிறார். அவள் இரண்டு தரம் வேறு பஸ் எடுத்தாள். இரண்டு நாளில் அந்தத் தரிப்பிலும் நின்றார்.

"முந்தி ஒளிச்சு நிண்டவர், அண்ணை. உங்கட கசெற் வந்தாப் பிறகு பக்கத்தில வந்து நிக்கிறார். படத்தைப் பாரும், கடைசியில அவளும் விளங்கிக்கொண்டு வருவாள் எண்டு சொல்லுறார். நான் வேலையை விட்டிட்டு மொன்றியலில அண்ணாட்டைப் போகப் பாக்கிறன். ஆனா வேலை இல்லாட்டி அம்மாவை இஞ்ச கூப்பிடுற விண்ணப்பம் நிண்டு போகும். அம்மா கொழும்பில தனிய."

"அது படம்தானே பிள்ளை," என்றேன்.

அவள் கசெற்றின் மேல் விரலால் தட்டினாள். "அண்ணை, நீங்களும் அப்பார்ட்மென்டில இருந்தனீங்கள்தானே. அந்த ரீச்சர் கதவைத் திறக்கேக்க சங்கிலி போட்டிருக்கு. சங்கிலியைப் போட்டுக்கொண்டு கதவைத் திறக்கிறவள் எதுக்குத் திறக்கிறாள் எண்டு உங்களுக்குத் தெரியாதோ?"

ஆறு தரம் பார்த்தேன், அந்தச் சங்கிலியையும் பார்த்தேன். ஐரோப்பாவில் நாணத்துக்கு அப்படித்தான் திறப்பார்கள் என்று நினைத்துவிட்டேன்! எங்கள் படங்களில் பின்னால் போகிறவன்தான் கதாநாயகன், மறுக்கிறவள் முக்கால் மணித்தியாலத்தில் மாறுவாள். அந்தக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டே ஸ்பானியக்காரர் வீட்டுக்குள்ளும் போயிருக்கிறேன்.

வீட்டுக்குப் போய் மனிசியிடம் சொன்னேன். அவர் முதியோர் இல்லத்துச் சமையலறையில் வேலை. என்னைவிடப் படித்தவர், அதை எனக்கு நினைவூட்டாத நாளில்லை. கேட்டுவிட்டுக் கசெற்றின் ஸ்பானியப் பிரதியைப் போடச் சொன்னார். கீழே ஓடின எழுத்தை நிறுத்தி நிறுத்தி வாசித்தார். சங்கிலிக் காட்சியில் படத்தை நிறுத்தி என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"இஞ்சரப்பா, அவள் என்ன சொல்லுறாள் தெரியுமோ? பியானோ தானாப் பழுதாகேல்லை, நீங்கள்தான் பழுதாக்கிறியள், இனி வராதேங்கோ எண்டு சொல்லுறாள். நீங்கள் என்னத்தைச் சொன்னனீங்கள்?"

"குளிருக்கை நிக்கிறீங்களோ எண்டு..."

"கடவுளே! அவள் நோ எண்டு சொல்லுறது உங்களுக்குக் கேக்கேல்லையோ?"

கேட்டது. அதுதான் வெட்கம். ஸ்பானியத்திலும் இங்கிலீசிலும் அந்தச் சொல் ஒன்றுதான். ஐந்தாம் வகுப்புக்காரனுக்கும் விளங்குகிற சொல். மனிசி எண்ணினார், படம் முழுக்கப் பதினேழு இடத்தில் சொல்கிறாள். பதினேழையும் நான் கொஞ்சலாக்கியிருந்தேன்.

ஒரு பிழையைக் கண்டால் ஒளிக்கிறவன் கடை நடத்த முடியாது. மூன்று ஞாயிற்றுக்கிழமை! மனிசி எழுத்தை வாசித்து ஒரு தடித்த மட்டை சி.ஆர். கொப்பியில் தமிழில் எழுதினார். நான் மைக்கைப் பிடித்தேன். பெண்ணின் வசனம் வந்ததும் பழக்கத்தில் குரலை மெல்லிசாக்கினேன்.

"உப்பிடிக் கீச்சிடாதேங்கோ," என்றார். "உங்கட சொந்தக் குரலிலேயே சொல்லுங்கோ. அந்த பஸ் தரிப்புக்காரனுக்கு உங்கட குரல்தானே வேதம்."

அந்த யோசனை அவருடையது, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் சொல்லிப் பார்த்தது யார்? "உங்களை நான் கூப்பிடவில்லை" என்ற மூன்று சொல்லைச் சரியாகச் சொல்ல எனக்கு ஒரு காலை முழுதும் பிடித்தது. கோபமாகச் சொன்னால் சண்டை போலிருந்தது. அழுதால் மறுபடியும் எங்கள் படம். கடைசியில், சங்கிலிக்குப் பின்னால் நிற்கிறவளின் கண்ணையே பார்த்துக்கொண்டு, மூச்சுப் போல, களைத்த குரலில் சொன்னேன். மனிசி பேனையை வைத்துவிட்டார். அப்போது எனக்குத் தெரிந்துவிட்டது, வாய்த்துவிட்டதென்று! அதற்குப் பிறகு படம் தானே ஓடியது. அதே முகம், அதே கதவு, அதே ஆள். ஆனால் இப்போது அவன் தெருவில் நிற்கிறதைப் பார்க்க எனக்கு முதுகு சில்லிட்டது. இப்படி ஒரு படத்தையா நான் காதல் படம் என்று விற்றேன்!

பழைய பிரதிகளைத் திரும்ப வாங்க ஒரு வழி செய்தேன். கசெற்றின் கடைசியில் ஒரு கோளாறு இருக்கிறது, கொண்டுவந்தால் புதுக் கசெற்றும் இன்னொரு படமும் இலவசம் என்று அறிவித்தேன். எல்லாம் வந்தன, ஒன்றைத் தவிர. அது அவருடையது.

சனிக்கிழமை மத்தியானம், கடை நிறைந்த நேரம். அவர் புதுப்படம் கேட்டு வந்தார். மேலே தொங்கின ரீவியில் புது பியானோக்காரனைப் போட்டேன். அவருக்குச் சந்தோசம். ஜாக்கெட்டைக் கழற்றாமல், கையைக் கட்டிக்கொண்டு, முதல் வசனத்துக்கே உதடு அசைக்கத் தொடங்கினார். பாடமாக்கி வைத்திருக்கிறார்! ஆனால் ரீவி வேறு சொன்னது. உதடு நின்றது.

சங்கிலிக் காட்சி வந்தது. "உங்களை நான் கூப்பிடவில்லை," என்றது என் குரல். முறுக்குப் பை அன்ரிதான் முதலில் வாய் திறந்தா.

"ஐயோ, உவன் விசரன் எல்லே!"

"அண்டைக்கு உவனுக்கு எல்லே கழுத்தை நீட்டப் போனனீர்?" என்றார் புருசன்.

"அண்டைக்கு அண்ணை ஏமாத்திப் போட்டார். உதென்ன நிப்பு? அந்தப் பிள்ளைக்கு மூச்சு விட ஏலாமல் இருக்கு, பாருங்கோவன்."

எல்லோரும் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. கவுண்டருக்குக் கிட்ட வந்தார்.

"அண்ணை, கதையை மாத்திப் போட்டீங்கள்."

"கதை மாறேல்லை, தம்பி. முதல் நான்தான் பிழையாச் சொன்னனான்."

"அப்ப அவள் ஒருக்காலும் விரும்பேல்லையோ?"

"ஒருக்காலும் இல்லை."

"முதல் நாள் தேத்தண்ணி குடுத்தவள்தானே?"

"வேலைக்கு வந்தவனுக்குக் குடுத்த தேத்தண்ணி, தம்பி."

அவர் கடைசிவரை நின்றே பார்த்தார். சனம் வந்தது, போனது. அவன் முழந்தாளில் இருந்து கம்பளக் குழிகளைத் தடவுகிற இடத்தில் நான் இந்த முறை ஒரு சொல்லும் சொல்லவில்லை, ஸ்பானியப் படத்தில் இருந்தபடி சும்மா விட்டிருந்தேன். ரீவி நீலமான பிறகும் அவர் அங்கேயே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு எதுவும் எடுக்காமல் போனார்.

திங்கட்கிழமை தொடங்கி நான் கடை யன்னலில் நின்று பஸ் தரிப்பைப் பார்த்தேன். திங்கள் அவர் இல்லை. செவ்வாய் இல்லை. புதன் காலை பார்த்தால், றோட்டின் மறுபக்கத் தரிப்பில், பிறம்ரன் பக்கம் வேலைக்குப் போகிறவர்கள் நிற்கிற இடத்தில், அவர் நிற்கிறார். கையில் சாப்பாட்டுப் பை, கோப்பி இல்லை. இந்தப் பக்கம் அவள். இருவருக்கும் நடுவில் ஆறு வரிசை வாகனம். அவர் ஒரு தரம் நிமிர்ந்து பார்த்தார். பஸ் வந்தது. அவர் தன் பஸ்ஸில் ஏறிப் போனார்! நான் கடைக்குள் தனியே நின்று கைதட்டினேன். சத்தியமாகத் தட்டினேன்.

வெள்ளிக்கிழமை நான் கடை திறக்க வந்தபோது, பழைய கசெற் கதவுக் கைப்பிடியில் ஒரு பையில் தொங்கியது. அவர் அதற்குப் பிறகு என் கடைக்கு வரவில்லை. நல்ல வாடிக்கையாளரை இழந்தேன், அதில் எனக்கு வருத்தமில்லை என்று சொன்னால் பொய். அவளும் வேலையை விடவில்லை, விண்ணப்பமும் நடந்தது. அடுத்த வருடம் கோடையில் தாய் வந்து இறங்கினார்.

அந்தச் சந்தோசத்துக்கு அவள் வைத்த மத்தியானச் சாப்பாட்டில்தான் எனக்கு அநியாயம் நடந்தது. சனம் நிறைந்த அறையில் அவள் என் மனிசியின் கையைப் பிடித்துத் தாயிடம் சொன்னாள்: "அம்மா, உந்த அன்ரி இல்லையெண்டா நீங்கள் இஞ்ச வந்திருக்கமாட்டியள். அந்தப் படத்தைச் சரியா விளங்கப்படுத்தினது உவதான்." எல்லோரும் மனிசியைப் பார்த்தார்கள். தாய் கண் கலங்கினார். நான் கையில் வடையோடு இருந்தேன். மனிசி சிரித்துக்கொண்டு இருந்தாரே தவிர, இவருக்கும் பங்குண்டு என்று ஒரு சொல் சொல்லவில்லை. காரில் கேட்டேன்.

"ஒரு சொல் சொல்லியிருக்கலாமே?"

"எதைச் சொல்ல? அவனுக்கு முதல் வசனம் படிப்பிச்சதும் நீங்கள்தான் எண்டோ?"

"அதையும் சொல்லும். ரெண்டையும் சொல்லும்."

அதற்குப் பிறகு பிளாசாவில் கதை பலவிதமாகப் போனது. மொன்றியல் அண்ணன் வந்து வெருட்டினார் என்றார்கள். பஸ் சாரதி இறக்கிவிட்டார் என்றார்கள். அண்ணன் மொன்றியலை விட்டு அசையவில்லை, சாரதிக்கு ஒன்றும் தெரியாது. ஆகவே நானே எழுதி வைக்கிறேன். சங்கிலியைக் காட்டித் தந்தவள் அந்தப் பெண். எழுத்தை வாசித்தவர் என் மனிசி. அந்த ஆளைத் தரிப்பில் நிறுத்தின குரலும், அங்கிருந்து எடுத்த குரலும் என்னுடையவை. இந்த ஊரில் ஸ்பானியப் படங்களைப் பற்றித் தமிழில் யார் என்ன எழுதினாலும், யார் எந்த மேடையில் பேசினாலும், இதைச் சொல்லிவிட்டுத் தொடங்கட்டும். பிழையையும் என் பெயரிலேயே போடுங்கள். ஆனால் என்னை விட்டுவிட்டு எழுதாதீர்கள்.